வாடிக்கையாளர் சொன்னது

ஆர்விட் சல்மேலாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தொரு வருஷத்தை அவர் வண்டிகளின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்தே கழித்திருக்கிறார். அவருடைய ஊரான முனிசிங் ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் பனி விழும், விழுந்த பனியை உருக்க நகராட்சி உப்பைக் கொட்டும், அந்த உப்பு ஒவ்வொரு வண்டியையும் அடியிலிருந்து தின்னும். ஆகவே மெக்கானிக்குகளுக்கு அங்கே வேலைப் பஞ்சம் வந்ததே இல்லை. துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டி மற்றவர்கள் கைவிட்டதை ஆர்விட் ஒரு கை பார்த்துவிடுவார். அவர் குரலைக் கேட்டாலே நட்டு தானாகக் கழன்றுகொள்ளும் என்று அவர் வேலை செய்த பூடுவன் கராஜில் ஒரு பேச்சு உண்டு.

அப்படிப்பட்ட ஒரு நட்டுதான் இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவருக்கு வினையாக வந்தது. பழைய பிக்கப் வண்டி ஒன்று. தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கி, முழு பலத்தோடு ஸ்பேனரை இழுத்தபோது போல்ட் சட்டென்று முறிந்தது. கூடவே அவருடைய வலது தோளில் ஏதோ கிழிந்தது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் நல்ல மனுஷி. எல்லாம் முடிந்த பிறகு, இனிமேல் தோளுக்கு மேலே கையைத் தூக்கிப் பாரம் எதுவும் பிடிக்கக் கூடாது என்றார். வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டுக்குக் கீழே நிற்கிறவனிடம் கையைத் தூக்காதே என்றால், வீட்டுக்குப் போ என்றுதானே அர்த்தம்?

வீட்டுக்கு அனுப்பவில்லை, ட்ரூடி பூடுவன். கராஜ் அவளுடைய அப்பாவுடையது, இப்போது அவளுடையது. அவள் சின்னப் பெண்ணாகக் கராஜ் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு விளையாடிய நாளில், அந்தக் கோடு அழியாமல் சுற்றிப் பெருக்கியவர் ஆர்விட். அந்த நன்றி அவளுக்கு இருந்தது. முன்னறையில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு உயரமான நாற்காலி போட்டுக் கொடுத்தாள்.

கவுண்டர் வேலையென்றால் சாவியை வாங்கி ஆணியில் மாட்டுவது என்று நினைக்கிறவர்கள் அந்த நாற்காலியில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து பார்க்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் கோபத்தோடோ பயத்தோடோ வருகிறவர்கள். அவர்களுக்கு வண்டியின் மொழி தெரியாது, மெக்கானிக்குக்கு மனுஷ மொழி அவ்வளவாக வராது. நடுவில் நின்று, வந்தவர் சொல்வதைக் கேட்டு, தாளில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். அந்தத் தாளின் முதல் வரியே 'வாடிக்கையாளர் சொன்னது' என்று அச்சடித்துத்தான் வரும். அதற்குக் கீழே அவர் சொன்னதை எழுத வேண்டும், நமக்குத் தோன்றியதை அல்ல. ஆர்விடுக்கு இந்த இரண்டாவது பாதிதான் ஏறவே இல்லை.

கவுண்டருக்கும் லிஃப்டுகளுக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டாம் நம்பர் லிஃப்ட். அது அவருடையது. இப்போது அங்கே மார்சி பெலட்டியர் வேலை செய்கிறாள். முப்பத்தைந்து வயது, கெட்டிக்காரி, வேலை செய்யும்போது சீட்டியடிக்கிறவள். அவள் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது என்றுகூடச் சொல்லலாம்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் அவருடைய டூல் பாக்ஸ் நின்றது. மார்பளவு உயரம், சிவப்பு நிறம், பதினெட்டு இழுப்பறை, அடியில் சக்கரம். மெக்கானிக்கின் கருவிகள் அவரவர் சொந்தம். எந்தக் கராஜிலும் அதுதான் வழக்கம். பெட்டி உள்ளே நிற்கிற வரைக்கும் ஆள் இருக்கிறார், பெட்டியை உருட்டி வெளியே கொண்டுபோய்விட்டால் ஆள் போய்விட்டார். ராஜினாமாக் கடிதமெல்லாம் அதற்கப்புறம்தான். ஆர்விட் கவுண்டருக்கு வந்து இரண்டு வருஷமாகியும் பெட்டி பூட்டியபடியே அங்கே நின்றது. மார்சி ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதைச் சுற்றிக்கொண்டு போனாள். இடுப்பில் கைப்பிடி இடித்து நீலம் பாய்ந்தது. ஒரு நாளும் நகர்த்தச் சொன்னதில்லை.

முதல் வருஷம் தோள் கோடைக்குள் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு நவம்பரில் மான் வேட்டை தொடங்குவதற்குள் என்றார். பிறகு எப்போது என்று சொல்வதை விட்டுவிட்டார், நினைப்பதை மட்டும் விடவில்லை. காலை ஏழு மணிக்கு உள்ளே கம்ப்ரஸர் உறுமத் தொடங்கும்போது கவுண்டரில் அவர் கையிலிருக்கும் பேனா நின்றுவிடும். அவருக்கு அங்கே போக வேண்டும். கிரீஸ் நாற்றமும் குளிரும் உப்புத் தண்ணீர் கழுத்தில் சொட்டுவதும் எல்லாம் வேண்டும். சொந்த ஊர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்க, பத்தடி தூரத்தில் நாடு கடத்தப்பட்ட மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார்.

இந்த நிலைமையில்தான் ஜனவரியில் ட்ரூடி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். வட்டாரச் சாலைத் துறையின் வண்டிகள் எல்லாம் இனி அவர்கள் கராஜுக்கு வரப்போகின்றன. ஒரே ஒரு நிபந்தனை. கவுண்டரில் இருக்கிறவர் சேவை ஆலோசகர் தேர்வில் தேறி, தேறியவர்களுக்குத் தரும் நீலச் சின்னத்தைச் சட்டையில் தைத்திருக்க வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள். ஆர்விடால் முடியாவிட்டால் பக்கத்து ஊரான எஸ்கனாபாவில் சான்றிதழோடு ஒருவர் தயாராக இருக்கிறார் என்று அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

ஆர்விட் தேர்வுக்குப் பயப்படுகிறவர் இல்லை. மெக்கானிக் தேர்வுகள் எட்டிலும் தேறி, எட்டுச் சான்றிதழும் கண்ணாடிச் சட்டத்துக்குள், வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் அறையின் சுவரில் தொங்கின. அவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை, வருகிற ஜூனில் காலாவதியாகின்றன. புதுப்பிக்கும் விவரமெல்லாம் குறித்த தாள் ஒன்றை டூல் பாக்ஸின் மேல் இழுப்பறையில் வைத்திருந்தார். எட்டு எழுதியவனுக்கு ஒன்பதாவது ஒரு பொருட்டா என்று பிப்ரவரியில் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி கிரீன் பே நகரத்துக்குப் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதினார்.

தோற்றுப்போனார்.

எதில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அவருடைய மனைவி கொலீன் அதைச் சமையலறை மேஜையில் வைத்துப் படித்தாள். எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் பற்றிய கேள்விகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. வாடிக்கையாளரோடு பேசுவது பற்றிய பகுதியில் பாதிக்கு மேல் தப்பு.

"இதுக்குக் கிரீன் பே வரைக்கும் போயிருக்க வேண்டாம்" என்றாள் கொலீன். "என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

அவள் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருபது வருஷமாக இருக்கிறவள். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களை உட்காரவைத்துப் பேசவைப்பதே அவள் பிழைப்பு. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும், வீட்டில் நீராவிக் குளியலுக்கான சானா அறைக்கு அடுப்பு மூட்டிவிட்டு அது சூடாகிற நேரத்தில், பயிற்சிப் புத்தகத்தைப் பிரித்து வைத்து அவரைக் கேள்வி கேட்டாள். வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது என்று ஒருவர் வருகிறார், ஆலோசகர் முதலில் செய்ய வேண்டியது என்ன? ஆர்விட் இறைச்சி அடைத்த பேஸ்டியை மென்றுகொண்டே, சக்கரத்தை பேலன்ஸ் பண்ணணும் என்றார். தப்பு. எப்போது, எந்த வேகத்தில் என்று கேட்டு, அவர் சொன்னபடி எழுத வேண்டும்.

"ஆனா அது பேலன்ஸ்தான்."

"இருக்கட்டும்."

"நூத்துக்குத் தொண்ணூறு அதுதான், கொலீன்."

"உன்னை யாருய்யா அதைக் கேட்டா? கேட்ட கேள்வி, முதல்ல என்ன செய்வேன்னு."

எல்லாக் கேள்வியிலும் இதே கதை. நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மருந்து எழுதித் தருகிற வைத்தியர் மாதிரி அவர் பதில் சொன்னார். அவர் சொன்ன மருந்து பெரும்பாலும் சரியாகவும் இருந்தது, அதுதான் தொல்லை. தாளில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் 'வேற ஏதாவது இருக்கா?' என்று ஒரு தடவை கேட்க வேண்டும் என்பது புத்தகத்தில் நாலு இடத்தில் இருந்தது. நாலு இடத்திலும் அவர் அதைத் தாண்டிப் போனார். வேறு இருந்தால் அவர்களே சொல்ல மாட்டார்களா என்றார்.

மார்ச் முதல் வாரத்தில் பெர்னடெட் ராஸ்கெல்லி வந்தார். பள்ளிக்கூடச் சமையலறையை நடத்துகிறவர், அறுபதைத் தாண்டியவர், ஊரில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். வண்டியில் ஒரு முனகல் சத்தம் கேட்கிறது என்றார். ஜனவரியில் அந்தப் பனிச்சறுக்குப் பலகையை எடுத்துக் கொடுத்ததிலிருந்து என்று அவர் ஆரம்பித்தபோது ஆர்விட் குறுக்கே விழுந்தார். பலகை இருக்கட்டும், திரும்பும்போது சத்தம் மாறுகிறதா என்று கேட்டார். ஏரிக்கரைச் சாலையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வலப்பக்கம் திரும்பியதும் நின்றுவிடுகிறது என்றார் அந்த அம்மாள். வலப்பக்கம் திரும்பும்போது வலது சக்கரத்தின் மேல் பாரம் குறையும், ஆகவே கோளாறு அங்கேதான். ஆர்விடுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. 'வாடிக்கையாளர் சொன்னது' என்ற வரிக்குக் கீழே, 'வலது முன் சக்கர பேரிங்' என்று எழுதி உள்ளே அனுப்பினார். பாவம், பேரிங் என்ற சொல்லையே பெர்னடெட் உச்சரித்திருக்கவில்லை.

மார்சி சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாள். லேசாக ஆட்டம் இருந்தது. எழுதியிருப்பது ஆர்விட், ஆகவே மறுபேச்சு இல்லாமல் பேரிங்கை மாற்றினாள். துரு பிடித்துப் போயிருந்ததால் அரை நாள் ஆயிற்று. ஒரு வாரம் கழித்துப் பெர்னடெட் அதே முனகலோடு திரும்பி வந்தார்.

செய்த வேலை திரும்பி வருவது கராஜில் பெரிய அவமானம். அது மெக்கானிக்கின் பெயரில்தான் விழும். மார்சி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து கதவைச் சாத்தினாள். சத்தம் போடவில்லை.

"பெரியவரே, எனக்கு உங்க பதில் வேண்டாம். அவங்க கேள்விதான் வேணும். பதிலை எழுதி அனுப்பினா நான் வேற எங்கயும் பார்க்க மாட்டேன். ஏன்னா நீங்க எழுதினது."

கடைசி வாக்கியம்தான் அவரைச் சுட்டது. அவள் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார்.

அன்றைக்கு ஆர்விட் ஒரு புதுத் தாளை எடுத்தார். பெர்னடெட்டுக்குக் காபி ஊற்றிக் கொடுத்து, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்கு அந்தத் தோள் வலியை விடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அம்மாள் பதினோரு நிமிஷம் பேசினார். அவர் சொல்லச் சொல்ல ஆர்விட் எழுதினார்:

என் வீட்டுக்காரர் சிரில் அக்டோபரில் தவறிப்போனார். அவருடைய பனிச்சறுக்குப் பலகைகள் வண்டிக் கூரையில்தான் எப்போதும் இருக்கும், கோடையில்கூட இறக்க மாட்டார், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஜனவரியில் அவற்றைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாளிலிருந்து சத்தம். காலையில் மட்டும்தான். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுக் காட்டு வழியாக வருவேன், அப்போது வராது. காற்று இல்லாத நாளிலும் வராது. சிரில் சவரம் பண்ணும்போது வாய்க்குள்ளேயே ஒரு பாட்டை முனகுவார், கிட்டத்தட்ட அந்த மாதிரி.

எல்லாவற்றையும் அப்படியே எழுதினார். எழுதி முடித்து, கையெழுத்து வாங்கப் போனவர் நிறுத்திக் கேட்டார்.

"வேற ஏதாவது இருக்கா?"

பெர்னடெட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தச் சத்தம் வர்றதுக்கு முன்னாடி அந்த ஏரிக்கரை ரோடு எனக்கு ரொம்ப நீளமா இருந்துச்சு. வேற என்ன?"

அதையும் எழுதினார்.

மார்சி தாளை வாங்கி, சுவரில் சாய்ந்து நின்று படித்தாள். ஸ்பேனரைத் தொடவில்லை. நேரே வெளியே போய் வண்டிக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். குறுக்கே இரண்டு இரும்புப் பட்டைகள். பலகை, படகு, மான், எது வேண்டுமானாலும் கட்டிக்கொள்வதற்கு அந்த ஊரில் எல்லா வண்டியிலும் இருக்கிற பட்டைதான். அது இல்லாத வண்டியைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள், இருக்கிறதை யார் பார்த்தார்கள்? சிரிலின் பலகைகள் இருந்த வரைக்கும் காற்று சிதறிப் போனது. பட்டை வெறுமையானதும், ஏரிக்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது முனக ஆரம்பித்துவிட்டது. வலப்பக்கம் ஊருக்குள் திரும்பினால் காற்று இல்லை, சத்தமும் இல்லை.

பட்டையில் ஒரு கயிற்றைச் சுற்றினால் நின்றுவிடும், அல்லது பட்டையையே கழற்றிவிடலாம் என்று ஆர்விட் பெர்னடெட்டிடம் சொன்னார்.

"அதனால வண்டி வழியில நின்னுடாதே?"

"நிக்காது."

"அப்ப இருக்கட்டும்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார் அந்த அம்மாள்.

மார்சி கண்ணாடியைத் தட்டி அவரைக் கூப்பிட்டாள். "நீங்க எழுதினதுதான் கண்டுபிடிச்சுது. நான் மேல பார்த்தேன், அவ்வளவுதான்" என்றாள். அவருக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்க வேண்டும், இல்லை. மேலே பார்த்தது அவள். இரண்டு வருஷமாக அவர் காத்திருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்காக, வண்டியின் பக்கத்தில் போய் நின்று, 'இதுதான்' என்று விரலை நீட்டும் நிமிஷத்துக்காக. அது இனி எப்போதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில்தான் நடக்கும். இந்தப் பக்கத்தில் செய்வதும் ஒரு வேலைதான், அதை அவரால் நன்றாகவே செய்ய முடியும் என்பதும் அதே நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று. அவருக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் வலித்தது. முடியாது என்று தெரிந்திருந்தால் ஆசையை வைத்துக்கொள்ளவாவது ஒரு சாக்கு இருந்திருக்கும்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் மறுபடி கிரீன் பே நகரத்துக்குப் போனார். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்விக்கும் மார்சியின் குரல் கேட்டது: உங்க பதில் வேண்டாம். தேறிவிட்டார். ட்ரூடி நீலச் சின்னத்தை உறையில் போட்டுக் கொடுத்து, அவசரமாகத் தொலைபேசியை எடுக்கிறவள் போல் திரும்பிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆர்விட் டூல் பாக்ஸை எடுத்துப் போகிறேன் என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். இங்கேயே நிற்கட்டும், நான் சுற்றிப் போய்ப் பழகிவிட்டேன் என்றாள் மார்சி. அவர் தலையாட்டி மறுத்தார். சக்கரங்கள் துருப்பிடித்து நின்றிருந்ததால் நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. அவர் மட்டும் இடக்கையால் தொட்டுக்கொண்டு வந்தால் போதும் என்றார்கள். பெட்டி நகர்ந்த இடத்தில் தரை வெளுப்பாக, சதுரமாக, எண்ணெய்க் கறை படாமல் இருந்தது. அன்று முழுவதும் மார்சி அந்தச் சதுரத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டே போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. சானாவுக்கு அடுப்பு மூட்டியாயிற்று. ஆர்விட் தன் வீட்டு வண்டிக் கொட்டகையில் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். திறக்கவில்லை. கொலீன் வந்து பார்த்தாள், திரும்பிப் போனாள், மறுபடி வந்தபோது கையில் அவர் பயிற்சிக்காகக் கொண்டுவந்திருந்த கராஜ் தாள்களும் ஒரு பேனாவும் இருந்தன. பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேர் சொல்லுங்க."

"விளையாடாத, கொலீன்."

"பேர்?"

"ஆர்விட் சல்மேலா."

"என்ன தொந்தரவுன்னு உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க."

"தோளு போயிடுச்சு."

"அது நீ கண்டுபிடிச்சது. நான் கேட்டது, உனக்கு என்ன பண்ணுதுன்னு."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. காலையில் கம்ப்ரஸர் போடும்போது கை தானாக எழும்புகிறது, எழுந்த பிறகு எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறது என்றார். அவள் எழுதினாள். எவ்வளவு நாளாக? இரண்டு வருஷமாக. எப்போது அதிகமாகிறது? மார்சி விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போகும்போது. அவள் எழுதினாள். சரியாகிவிடும் என்று சொல்லவில்லை, உடம்புதான் முக்கியம் என்று சொல்லவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் அவற்றைச் சொல்லாமல் இருப்பது லேசான காரியமில்லை என்பது அவருக்கு இப்போது தெரியும். அவர் நாக்கைக் கடித்துப் பழகியவர்.

கையெழுத்துக்காகத் தாளைத் திருப்பி நீட்டப் போனவள் நிறுத்தினாள்.

"வேற ஏதாவது இருக்கா?"

சானாக் குழாயில் புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது. வெளியே கூரையோரத்தில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த பிக்கப்" என்றார் ஆர்விட். "அதுதான் கடைசி வண்டின்னு எனக்குத் தெரியாது, கொலீன். தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் மெதுவா செஞ்சிருப்பேன்."

கொலீன் அதையும் எழுதினாள். ஒரு தடவை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதி முடித்தாள். அவர் தாளை வாங்கிப் பெட்டியின் மேல் வைத்து, படித்துப் பார்த்து, 'வாடிக்கையாளர்' என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.